கேட்டலும் கேளிரும்

ஆஸ்திரேலிய வரைபடத்தின் நடுப்பகுதியைப் பாருங்கள். மேற்கு ஆஸ்திரேலியா, தென் ஆஸ்திரேலியா, வடக்கு மண்டலம் மூன்றின் எல்லைகளும் ஸ்கேல் வைத்துக் கிழித்த கோடுகளாய் வந்து ஓரிடத்தில் முட்டிக்கொள்ளும். ஆற்றையும் மலையையும் மதிக்காத கோடுகள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தீர்க்கரேகையையும் அட்சரேகையையும் எண்ணிப் போட்டவை. அந்த முனையைச் சுற்றியுள்ள பாலைநிலத்துப் பூர்வகுடிகளுக்கு அவை இன்றும் அந்நியம்தான். அக்காள் ஒரு மாநிலத்தில், தங்கை அடுத்ததில், தாத்தாவின் புனிதத் தலம் மூன்றாவதில் என்று இருப்பவர்களுக்குக் கோடு எப்படி ஒட்டும்?

அந்த மக்கள் தாங்களே கட்டி எழுப்பிய இரண்டு அமைப்புகள் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரத்தில் இருந்து இயங்குகின்றன. ஒன்று என்.பி.ஒய். பெண்கள் மன்றம். ஙான்யஜாரா, பிட்ஜன்ஜாரா, யங்குன்ஜாரா என்ற மூன்று மொழிக் குழுக்களின் முதலெழுத்துகள்தான் அந்த என்.பி.ஒய். மற்றொன்றின் பதிவுப் பெயரில் பிந்துபி மொழியின் நீண்ட சொற்றொடர் ஒன்று இருக்கிறது. ‘நம் சொந்தங்கள் எல்லோரையும் நலமாக்குவது’ என்று அதற்குப் பொருள் சொல்லலாம். தலைமையகம் இருக்கும் வீட்டுக்கு ஊதா நிறம் என்பதால் ஊரார் அதைப் பர்ப்பிள் ஹவுஸ் என்றே அழைக்கிறார்கள்.

இவற்றைத் தொண்டு நிறுவனங்கள் என்று எழுதக் கை வருகிறது. ஆனால் அந்தச் சொல் இங்கே பொருந்தாது. தொண்டு என்றால் செய்பவர் ஒருவர், பெறுபவர் வேறொருவர். இந்த இரண்டிலும் பெறுபவர்கள்தான் உரிமையாளர்கள். இதுவரை இரண்டும் ஒன்று. பிறந்த விதத்தில்தான் வழி பிரிகிறது.

பெண்கள் மன்றம் ஒரு கோபத்தில் பிறந்தது. 1970-களின் பிற்பகுதியில் தென் ஆஸ்திரேலியாவின் பிட்ஜன்ஜாரா மக்கள் நில உரிமைக்குப் போராடிக்கொண்டிருந்தார்கள். 1980 பிப்ரவரியில் அடிலெய்டு நகரத்தின் குதிரைப் பந்தய மைதானத்திலேயே கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். அடுத்த ஆண்டு சட்டம் வந்தது. ஒரு லட்சத்துக்கும் அதிகமான சதுர கிலோமீட்டர் நிலம் அவர்கள் பெயருக்கு மாறியது. பெரிய வெற்றிதான். ஆனால் அந்தப் பேச்சுவார்த்தைகளில் பேசியவர்கள் பெரும்பாலும் ஆண்கள்: பூர்வகுடி ஆண்கள், வெள்ளை வழக்கறிஞர்கள், அமைச்சர்கள், அதிகாரிகள். பாலைவனப் பண்பாட்டில் பெண்களுக்கென்று தனியே தலங்களும் கதைகளும் சட்டமும் உண்டு. அவற்றை ஆண்கள் முன்னிலையில் வாய்விட்டுச் சொல்ல முடியாது. ஆகவே பெண்கள் இல்லாத கூட்டத்தில் நிலத்தைப் பற்றிப் பேசினால், நிலத்தின் பாதி பேச்சிலேயே வராது. 1980 டிசம்பரில் கன்பி என்ற சிறு குடியிருப்பில் பெண்கள் தனியாகக் கூடினார்கள். அந்தக் கூட்டம்தான் மன்றம். கூட்டம் நடந்து அமைப்பு வந்தது என்று சொல்வதைவிட, கூட்டமே அமைப்பாக இருந்தது என்பது சரி. சட்டப்படி பதிவானதே 1994-ல்தான்.

பர்ப்பிள் ஹவுஸ் பிறந்தது ஏக்கத்தில். பிந்துபி மக்களில் பலர் 1950-களிலும் 60-களிலும்தான் மேற்குப் பாலையை விட்டு, பாப்புன்யா போன்ற அரசுக் குடியிருப்புகளுக்கு வந்தவர்கள். அங்கே ஒட்டாமல் தவித்து, 1981-ல் கிண்டோருக்கும் பிறகு இன்னும் மேற்கே கிவிர்குராவுக்கும் சொந்த நிலம் தேடித் திரும்பினார்கள். திரும்பிய பத்து, இருபது ஆண்டுகளுக்குள் சிறுநீரகம் செயலிழக்கும் நோய் அவர்களைப் பிடித்தது. குறை எடையில் பிறப்பு, சிறுவயதில் திரும்பத் திரும்ப வந்த தோல் தொற்று, நீரிழிவு, மூட்டை மூட்டையாய் வந்திறங்கிய மாவும் சர்க்கரையும் எனக் காரணங்கள் பல அடுக்கு. டயாலிசிஸ் வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கைந்து மணி நேரம். இயந்திரம் இருந்தது ஆலிஸ் ஸ்பிரிங்ஸில். கிண்டோரிலிருந்து அது ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேல், பெரும்பகுதி மண்சாலை. போனால் போனதுதான். நோயாளி நகரத்து ஓரத்தில் யார் வீட்டுத் தரையிலோ படுத்துக் கிடந்தார். ஊரில் பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லித்தர ஆள் இல்லை. சிலர் இயந்திரத்தை விட்டுவிட்டு ஊருக்கே திரும்பினார்கள். அதற்கு என்ன பொருள் என்று அவர்களுக்கும் தெரியும், ஊராருக்கும் தெரியும்.

கிண்டோரில் இயந்திரம் வையுங்கள் என்று கேட்டபோது, தண்ணீர் சரியில்லை, மின்சாரம் நம்ப முடியாது, செலவு தாங்காது என்று பதில் வந்தது. பிந்துபிகளிடம் பணம் இல்லை. ஆனால் ஓவியம் இருந்தது. 1972-ல் தொடங்கிய பாப்புன்யா டூலா ஓவியர் நிறுவனம் அவர்களுடையது. புள்ளி வைத்து வரையும் அந்தப் பாலை ஓவியங்களை உலகமே தேடி வாங்கிக்கொண்டிருந்த நேரம். கிண்டோர், கிவிர்குரா ஊர்களின் ஆண்கள் தனியாகவும் பெண்கள் தனியாகவும் உட்கார்ந்து பெரிய கூட்டு ஓவியங்களை வரைந்தார்கள். 2000 நவம்பரில் சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தில் அவை ஏலம் போயின. பத்து லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல் சேர்ந்தது. 2004-ல் கிண்டோரில் இயந்திரம் ஓடத் தொடங்கியது.

இந்த இரண்டாவது கதையை யார் சொன்னாலும் கேட்பவர் கண் கலங்கும். ஓவியம், ஏலம், ஒரு தொகை, ஒரு இயந்திரம், வீடு திரும்பும் பாட்டி. முதல் கதையில் அப்படி எதுவும் இல்லை. மரத்தடியில் பெண்கள் உட்கார்ந்து பேசினார்கள், அவ்வளவுதான். பத்திரிகைகளுக்கு எது பிடிக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கோ, கடினமான வேலை முதல் கதையில்தான் இருக்கிறது என்று படுகிறது. கூட்டத்தில் ஆள் இல்லை என்று தொடங்கியவர்களுக்கு வேலை ஒருநாளும் முடியாது, ஏனென்றால் கூட்டங்கள் முடிவதில்லை. வீட்டில் ஆள் இல்லை என்று தொடங்கியவர்களுக்கு எண்ணிப் பார்க்க ஒன்று இருக்கிறது: எத்தனை ஊரில் நாற்காலி போட்டாயிற்று, எத்தனை பேர் திரும்பினார்கள்.

சரி, இவற்றை நடத்துவது யார்? இங்கே இரண்டு சொற்களைப் பார்க்க வேண்டும்.

பெண்கள் மன்றத்தார் தங்கள் வேலைமுறைக்கு வைத்திருக்கும் பெயர் ‘மல்பராரா’. மல்பா என்றால் துணை, கூட வருபவர். ராரா சேர்ந்தால் ஒருவருக்கொருவர் துணையான இருவர். உள்ளூர்ப் பெண் ஒருவரும் வெளியிலிருந்து வந்த பணியாளர் ஒருவரும் ஜோடியாகத்தான் வேலைக்குப் போக வேண்டும். வெளியாளுக்குக் கணக்கு, அறிக்கை, வண்டி தெரியும். உள்ளூர்ப் பெண்ணுக்கு எந்த வீட்டில் யார் யாரோடு பேசக்கூடாது என்பது தெரியும். எவர் எவருக்கு உதவியாளர் என்ற கேள்வியையே அந்தச் சொல் எழவிடாது.

பர்ப்பிள் ஹவுஸின் பெயருக்குள் இருக்கும் சொல் ‘வலிட்ஜா’. இதை ஆங்கிலத்தில் விளக்க மானிடவியலாளர்கள் பக்கம் பக்கமாய் எழுதியிருக்கிறார்கள்; உறவினர் என்றும் பொருள், தன்னுடையது என்றும் பொருள் என்று. தமிழனுக்கு அந்தச் சிரமம் இல்லை. நமக்குச் ‘சொந்தம்’ இருக்கிறது. சொந்த வீடு என்கிறோம், சொந்தக்காரர் என்கிறோம், ஒரே சொல். உறவாக இருப்பவர் என்னுடையவர், எனக்குப் பொறுப்பானவர் என்ற அந்த ஒட்டுதல்தான் வலிட்ஜா. நோயாளி என்ற சொல் அதற்கு முன்னால் சின்னதாகிவிடுகிறது.

(இடையில் ஒன்று. தெற்குப் பாலை மக்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயர், ஏறக்குறைய நம் உச்சரிப்பிலேயே, அணங்கு. மனிதர்கள் என்று பொருள். தற்செயல் ஒலி ஒற்றுமைதான். இதை வைத்து யாரும் குமரிக்கண்டத்துக்கு டிக்கெட் எடுத்துவிட வேண்டாம். ஆனால் ஆங்கிலேயர் நாக்கு புரளும் ணகரமும் சொல்லின் முதலில் வரும் ஙகரமும் நம் எழுத்தில் அலட்டிக்கொள்ளாமல் உட்காருவதில் எனக்கொரு சின்ன மகிழ்ச்சி.)

தலைமை நாற்காலியை மட்டும் பார்ப்பவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். பெண்கள் மன்றத்தின் தலைமை நிர்வாகியாகப் பல ஆண்டுகள் இருந்த ஆண்ட்ரியா மேசன் பூர்வகுடிப் பெண். 2004-ல் ஆஸ்திரேலியாவில் ஓர் அரசியல் கட்சிக்குத் தலைமை தாங்கிய முதல் பூர்வகுடிப் பெண்ணாகப் பேசப்பட்டவர். 2016-ல் நாட்டின் சிறந்த தொழில்துறைப் பெண்ணுக்கான டெல்ஸ்ட்ரா விருதைப் பெற்றவர். பர்ப்பிள் ஹவுஸைத் தொடக்க காலத்திலிருந்து நிர்வகித்து வந்த சாரா பிரவுன் வெள்ளையின நர்ஸ். அப்படியானால் ஒன்று பூர்வகுடித் தலைமை, மற்றது இல்லையா? அது அவசர முடிவு. மேசனுக்கு முன்பும் பின்பும் மன்றத்தில் அதே நாற்காலியில் பூர்வகுடி அல்லாதவர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு அமைப்புகளிலும் இயக்குநர் குழு முழுக்கப் பூர்வகுடியினர். பர்ப்பிள் ஹவுஸின் குழுவில் இருப்பவர்களில் பலர் டயாலிசிஸ் நாற்காலியில் படுப்பவர்கள், அல்லது படுப்பவரின் மகன், மகள், மனைவி. சம்பளம் வாங்குபவர் நிர்வாகி. முடிவு சொல்பவர் அந்தக் கிழவர், அந்தக் கிழவி. எதைச் செய்வது, எந்த ஊரில் முதலில் செய்வது, எதைச் செய்யவே கூடாது என்று சொல்லும் வாய் எங்கே இருக்கிறதோ அங்கேதான் தலைமை.

நிறுவியவர்களின் பெயர்ப்பட்டியலை இங்கே எதிர்பார்த்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த முதல் தலைமுறையில் பலர் இப்போது இல்லை. இறந்தவரின் பெயரைத் துக்கக் காலத்தில் உச்சரிக்காமல் இருப்பது பாலைவன வழக்கம். அதே பெயருள்ள உயிரோடு இருப்பவரைக்கூட ‘குன்மனாரா’ என்ற மாற்றுப் பெயரால்தான் அழைப்பார்கள். அந்த வழக்கத்துக்கு நான் வெளியாள்தான். இருந்தாலும் பெயர் சொல்லாமல் கடப்பதே மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

பெண்கள் மன்றத்தின் வேலைப் பரப்பு தலை சுற்ற வைக்கும். 26 குடியிருப்புகள், மூன்றரை லட்சம் சதுர கிலோமீட்டர், அதாவது ஏறக்குறைய ஜெர்மனி. மக்கள்தொகையோ ஆறாயிரம் சொச்சம். குடும்ப வன்முறையில் அடிபட்ட பெண்ணைக் காப்பது, குழந்தைகளின் ஊட்டம், முதியோர், ஊனமுற்றோர், இளைஞர் என்று எல்லாம் அவர்கள் தலையில். கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து ஒன்றைச் சொன்னால் அது மன்றத்தின் வேலையாகிவிடும் என்பதுதான் அதன் இலக்கணம்.

பெட்ரோல் முகரும் பழக்கத்தை எடுத்துக்கொள்வோம். பாலைக் குடியிருப்புகளில் சிறுவர்கள் டப்பாவில் பெட்ரோலை ஊற்றி முகர்ந்து மூளை கெட்டுச் செத்துக்கொண்டிருந்தார்கள். 2002-ல் தென் ஆஸ்திரேலிய மரண விசாரணை அதிகாரி அந்தப் பகுதிக்கே வந்து விசாரணை நடத்திக் கடுமையான அறிக்கை தந்தார். 2005-ல் பி.பி. நிறுவனம் முகர்ந்தால் போதை ஏறாத ‘ஓபல்’ எரிபொருளைக் கொண்டுவந்தது. ஆனால் ஊரில் மட்டும் ஓபல் இருந்து, நூறு கிலோமீட்டர் தள்ளியுள்ள பெட்ரோல் நிலையத்தில் பழைய பெட்ரோல் இருந்தால் என்ன பயன்? வட்டாரம் முழுவதும் மாற்ற வேண்டும். அதற்கு மானியம் தர அரசு தயங்கியது. மன்றத்துப் பெண்கள் அழுது கேட்டுப் பார்த்தவர்கள்தான். இம்முறை வேறு வழி எடுத்தார்கள். இளைஞர் அமைப்பு ஒன்றோடும், உலுரு பாறைக்கு அருகே சுற்றுலா விடுதிகளின் உரிமையாளரான சொத்து நிறுவனத்தோடும் கூட்டுச் சேர்ந்து, ஒரு பொருளாதார ஆய்வு நிறுவனத்தைக் கொண்டு கணக்குப் போடச் செய்தார்கள். மானியத்துக்கு ஆகும் செலவைவிட, சிதைந்த பிள்ளைகளை ஆயுளுக்கும் பராமரிப்பதற்கு அரசுக்கு ஆகும் செலவு அதிகம் என்று 2006-ல் அறிக்கை வந்தது. தாயின் கண்ணீருக்கு அசையாத கஜானா, கணக்குப் புத்தகத்துக்கு அசைந்தது. ஓபல் பரவியது, முகரும் பழக்கம் பெருமளவு குறைந்தது.

இதே மன்றம்தான் 1995-ல் பாப்புலன்குஜா ஊரில் புல்லில் கூடை பின்னும் பயிற்சியைத் தொடங்கியது. அதற்கு வைத்த பெயர் ஜன்பி, அதாவது காய்ந்த புல். நகரத்துக்குப் போகாமல், தலத்தைப் பார்க்கப் போகும் வழியில் புல் அறுத்து, நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டே சம்பாதிக்க ஒரு வழி. கூடையோடு நின்றதா? அந்த ஊர்ப் பெண்கள் புல்லாலேயே ஒரு முழு அளவு டொயோட்டா வண்டியைச் செய்தார்கள். பாலையில் டொயோட்டா என்பது வண்டி மட்டும் இல்லை. ஆஸ்பத்திரி, சந்தை, சாவுவீடு, சடங்கு எல்லாவற்றுக்கும் போகும் கால். 2005-ல் நாட்டின் முதன்மையான பூர்வகுடிக் கலைப் பரிசை அந்தப் புல் வண்டி வாங்கியது. 2015-ல் ஆஸ்திரேலியா சார்பில் வெனிஸ் கலைவிழாவுக்குப் போன காட்சியிலும் ஜன்பி பெண்களின் கைவேலை இருந்தது. இன்று நானூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் பின்னுகிறார்கள்.

இன்னொரு விசித்திரம்: பெண்கள் மன்றம் ஆண்களுக்குச் சம்பளம் கொடுக்கிறது. ஙங்காரி எனப்படும் மரபு வைத்தியர்கள், தொட்டும் ஊதியும் ஆவியின் நோயை எடுப்பவர்கள். அவர்களில் ஆண்களும் உண்டு. மன்றம் அவர்களை மருத்துவமனைகளுக்கும் சிறைகளுக்கும் முறைப்படி அழைத்துச் சென்றது. 2009-ல் ஆஸ்திரேலிய, நியூசிலாந்து மனநல மருத்துவர்களின் கல்லூரி அவர்களுக்குப் பரிசு கொடுத்தது. 2011-ல் உலக உளசிகிச்சை மன்றத்தின் சிக்மண்ட் பிராய்ட் விருதும் வந்தது. அடுத்த ஆண்டு ‘ஊட்டி குலின்ஜாக்கு’ என்ற திட்டம் தொடங்கியது. தெளிவாகச் சிந்திக்க என்று பொருள். குலின்ஜாக்குவின் வேரான குலினி என்ற வினைச்சொல்லுக்குக் கேட்பது, எண்ணுவது, புரிந்துகொள்வது மூன்றும் ஒன்றே. பழந்தமிழில் கேள்வி என்பதே கற்றலாக இருந்ததை நினைத்துக்கொள்ளலாம். வைத்தியர்களும் மனநல மருத்துவர்களும் ஒன்றாக உட்கார்ந்து, உணர்ச்சிகளைச் சொல்லும் பாலைமொழிச் சொற்களைத் தேடித் தொகுத்தார்கள். சொல் கிடைத்தால்தான் இளைஞன் தன் மனதுக்குள் நடப்பதை வெளியே எடுத்து வைப்பான் என்பது முதிய பெண்களின் வாதம். பின்னர் இதில் ஆண்களுக்கென்றும் ஒரு குழு உருவானது.

பர்ப்பிள் ஹவுஸுக்கு இந்த அகலம் இல்லை, அதற்கு ஆழம். ஒரே ஒரு வேலை: வீட்டுக்கு அனுப்புவது. ஒரு முறை டயாலிசிஸ் செய்ய நூறு லிட்டருக்கும் மேல் சுத்தமான நீர் வேண்டும். உப்புக் கிணறுதான் இருக்கிறது என்றால் முதலில் வடிகட்டும் கருவி. நர்ஸுக்கு வீடு வேண்டும். நர்ஸ் விடுப்பில் போனால் மாற்று ஆள் வேண்டும். இப்படி ஒவ்வொரு ஆணியாக அடித்துத்தான் இன்று ஏறத்தாழ இருபது ஊர்களில் இயந்திரம் ஓடுகிறது. ஊரில் நிரந்தர இயந்திரம் இல்லாதவர்களுக்காக 2011-ல் ஒரு லாரி வந்தது, ஊதா நிறத்தில்தான். இரண்டு வாரம் போய் நின்றால், சாவுக்கோ சடங்குக்கோ ஊர் திரும்ப முடியும். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வீட்டின் பின்கட்டில் நெருப்பு மூட்டிக் கங்காரு வாலைச் சுடுகிறார்கள். மருத்துவமனையின் கண்டிப்பான உணவுத் திட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தப் புகையின் அருமை தெரியும்.

இரண்டு அமைப்புகளையும் ஒருசேரச் சோதித்தது அந்த ஸ்கேல் கோடுதான். மனைவியை அடித்தவன் எல்லை தாண்டி நாற்பது கிலோமீட்டர் போய்விட்டால், இந்த மாநிலத்துப் போலீஸ் கைகட்டி நிற்கும். மூன்று மாநிலப் போலீசையும் நீதித்துறையையும் ஒரே மேசைக்கு இழுத்த குரல்களில் மன்றத்தின் குரல் முதன்மையானது. 2009-ல் எல்லை கடந்த நீதித் திட்டம் சட்டமாகி நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில்தான் வடக்கு மண்டல அரசு, இடமில்லை என்று சொல்லி, எல்லைக்கு அப்பாலிருந்து வரும் புதிய டயாலிசிஸ் நோயாளிகளுக்கு ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் கதவை மூடியது. பெர்த்துக்கோ அடிலெய்டுக்கோ போகச் சொன்னார்கள். கிவிர்குராக்காரருக்குப் பெர்த் என்பது வேறு கிரகம். ஒரே ஆண்டில் ஒரு கோடு அழிந்தது, இன்னொரு இடத்தில் அதே கோடு தடித்தது. மன்றம் கோட்டைக் கேள்வி கேட்டு அழிக்கப் பார்த்தது. பர்ப்பிள் ஹவுஸ் கோட்டுக்கு அந்தப் பக்கமே இயந்திரத்தைக் கொண்டுபோய் வைத்தது.

பணத்தைப் பற்றி. மன்றம் பெரும்பாலும் அரசு மானியங்களால் ஓடுகிறது. ஒவ்வொரு மானியத்துக்கும் ஒவ்வொரு காலக்கெடு, ஒவ்வொரு அறிக்கை. அரசைத் திட்டுவதும் அரசிடம் கை நீட்டுவதும் ஒரே வாரத்தில் நடக்க வேண்டும். பர்ப்பிள் ஹவுஸ் சொந்தக் காசில் தொடங்கியதால் அதன் முதுகு நிமிர்ந்திருந்தது. யுவெண்டுமு ஊருக்கு வால்பிரி மக்கள் தங்கச் சுரங்கத்திலிருந்து வந்த உரிமைத் தொகையைக் கொடுத்தார்கள். முட்டிஜுலுவுக்கு உலுரு பூங்காவின் வாடகைப் பணம் உதவியது. 2018 நவம்பரில் தொலைதூரக் குடியிருப்புகளில் செய்யும் டயாலிசிஸுக்கு, அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேரில் தனிக் கட்டண எண்ணே வந்தது. அது சாதனைதான். ஆனால் சிட்னியில் ஒருவருக்குச் சிறுநீரகம் கெட்டால் அவர் ஓவியம் வரைந்து விற்க வேண்டியதில்லை என்பதை அந்த ஏலக் கதையைச் சொல்லிச் சிலிர்ப்பவர்கள் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. ஏலம் நடந்து பதினெட்டு ஆண்டு கழித்து, தாங்களே செய்துகாட்டிய பிறகுதான் அரசு பட்டியலில் ஒரு வரி சேர்த்தது.

இரண்டு அமைப்புகளின் நிலமும் சில இடங்களில் ஒன்றன்மேல் ஒன்று விழுகிறது. ஙங்காரிகள் பயன்படுத்தும் இர்மங்கா-இர்மங்கா என்ற புதர்ச்செடியின் தைலத்தைப் பர்ப்பிள் ஹவுஸ் காய்ச்சி விற்கிறது. தென் ஆஸ்திரேலிய எல்லைக்குள், மன்றத்துப் பெண்களின் நிலத்தில், 1937-ல் மிஷன் தொடங்கிய பழைய எர்னபெல்லா இருக்கிறது. இப்போது அதன் பெயர் புகட்ஜா. சிறுநீரகம் கெட்டால் அங்கிருந்தும் ஊரை விட்டுத்தான் போக வேண்டியிருந்தது. இப்போது அங்கே பர்ப்பிள் ஹவுஸின் டயாலிசிஸ் நாற்காலிகள் இருக்கின்றன. மன்றத்துக் கூட்டத்துக்குப் போகிற கிழவி, அடுத்த நாள் காலையில் அந்த நாற்காலிக்கு நடந்தே போகலாம்.